பழைய கார்டே போதும் என்றேன்



பொங்கலுக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் எதுவும் எழுதவில்லையே, உடம்புக்கு ஏதாவதா என்று இரண்டு மூன்று பேர் போன் செய்து கேட்டுவிட்டார்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. 74 வயதில் வீடியோ எடிட்டிங் கற்றுக்கொண்டிருந்தேன். அதுதான் காரணம்.

பாகூர் வீட்டை விற்கிறோம் என்று போன வருஷமே எழுதியிருந்தேன். ஓடு பிரிந்து, சுவர் வாய் பிளந்து, ஆறு வருஷமாகப் பூட்டியே கிடந்த வீடு. பழுது பார்க்க என் பென்ஷன் தாங்காது. அக்காவுக்கு 81 வயது, சார்செல்லில் மகனோடு இருக்கிறாள். 1964இல் ஒரு சொல்தாவுக்குக் கழுத்தை நீட்டிக் கப்பலேறியவள். பாரிசில் இந்தியத் தூதரகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு அதிகாரப் பத்திரம் அனுப்பிவிட்டாள். பத்திரத்தோடு ஒரு துண்டுக் காகிதமும் வைத்திருந்தாள். அதில் இருந்தது ஒரே வரி. "தம்பி, இடிக்கறதுக்கு முன்னாடி வீட்டை ஒருதரம் எனக்குக் காட்டிடு."

விமானத்தில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. அதனால் காட்டுவது என் பொறுப்பு.

முதலில் வாட்ஸ்அப்பில் நேரடியாகக் காட்டினேன். பாகூரில் சிக்னல் விட்டு விட்டு வந்தது. திண்ணையைக் காட்டினால் அங்கே சதுரம் சதுரமாக ஏதோ தெரிகிறது என்றாள். "ஒண்ணும் புரியலடா, நீ மூச்சு வாங்கறது மட்டும் நல்லா கேக்குது." ஐந்து நிமிஷத்தில் வைத்துவிட்டாள்.

டிசம்பர் விடுமுறைக்கு மகள் வயிற்றுப் பேரன் வந்தான். இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். அவனிடம் உள்ளங்கை அளவுக்கு ஒரு ட்ரோன் இருக்கிறது, எடை 249 கிராம். 250 கிராம் வரை நானோ வகை, அதை ஓட்ட விமானி உரிமம் வேண்டாம் என்று 2021ஆம் வருஷத்து ட்ரோன் விதிகள் சொல்கின்றன. நம் டவுனுக்குள் அப்படிச் சும்மா பறக்கவிட முடியாது. விமான நிலையத்துக்கு 8 கிலோமீட்டர் சுற்றளவில் அனுமதி வாங்க வேண்டும், லாஸ்பேட்டை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பாகூர் அந்த வட்டத்தைத் தாண்டியது. பேரன் அரசாங்க வரைபடத்தைத் திறந்து வீடு இருக்கும் இடம் பச்சை நிறத்தில் இருப்பதைக் காட்டினான். பச்சை என்றால் 400 அடி வரை போகலாம். நானும் அரசாங்கத்தில் இருந்தவன் அல்லவா, விதியைப் படித்து முடித்த பிறகுதான் "சரி, கிளம்பு" என்றேன்.

கிளம்புவதற்கு முந்தின இரவுதான் அந்தப் பேச்சு வந்தது.

"தாத்தா, எந்த ரெசல்யூஷன்ல எடுக்கறது?"

பிரெஞ்சு மீடியத்தில் படித்தவனுக்கு ரெசொலுசியோன் என்றால் ஜனவரி முதல் தேதி நோட்டில் எழுதும் தீர்மானம். இனிமேல் சண்டை போட மாட்டேன், வாய்ப்பாடு ஒப்பிப்பேன் என்ற வகை. இவன் கேட்டது வேறு. ஃபுல் எச்டி என்பது குறுக்கே 1920 புள்ளி, நெடுக்கே 1080 புள்ளி. 4கே என்பது 3840க்கு 2160. பக்கத்துக்கு இரண்டு மடங்கு, பரப்பில் நான்கு மடங்கு. ஒன்று சுமார் 20 லட்சம் புள்ளி, மற்றது 83 லட்சம்.

"உங்க அக்கா டிவி என்ன டிவி?" என்று கேட்டான்.

இந்தக் கேள்வியின் அருமை எனக்குத் தெரியும். 1980களில் அக்கா தன் மூத்த பெண்ணின் கல்யாணத்தை வீடியோ கேசட்டில் அனுப்பியிருந்தாள். ஒரு ராத்திரிக்கு டெக் வாடகைக்கு எடுத்து, தெருவையே கூட்டி உட்கார வைத்துப் போட்டோம். படம் கறுப்பு வெள்ளையில் ஓடியது. பிரான்சில் செக்காம் முறை, நமக்கு பால் முறை. இரண்டிலும் 625 கோடுகள்தான் என்பதால் படம் வந்துவிடும், ஆனால் நிறத்தை அனுப்பும் விதம் வேறு, அதை நம் டெக் படிக்காது. அம்மா திரையைத் தொடாத குறையாகக் கிட்டே போய் "பொண்ணு புடவை என்ன கலருடா?" என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. கடிதம் எழுதிக் கேட்டோம். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது, மயில்கழுத்து நிறமாம். அம்மா அதற்குப் பிறகும் அந்தக் கேசட்டைப் பார்க்க ஆசைப்பட்டாள். பார்க்கும்போது ஒவ்வொரு தடவையும் புதிதாக வந்தவர்களிடம் "அது மயில்கழுத்து" என்று சொல்லுவாள்.

ஆகவே இந்தத் தடவை முதலிலேயே அக்கா மகனிடம் விசாரித்தேன். பத்து வருஷத்துக்கு முன் வாங்கிய 32 அங்குல டிவி, ஃபுல் எச்டி, பென் டிரைவ் போடலாம் என்றான்.

"பார்த்தியா? டிவியே ஃபுல் எச்டிதான். அப்புறம் எதுக்கு நாலு மடங்கு?" என்றேன்.

பேரன் விடவில்லை. "எடுக்கறது வேற, காட்டறது வேற தாத்தா. 4கே-ல எடுத்தா அப்புறம் வெட்டிப் பெரிசாக்கலாம்." ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. கையில் இருந்த கார்டு என் பழைய கேமராவில் இருந்த 16 ஜிபி கார்டு, கிளாஸ் 10. வினாடிக்கு 10 மெகாபைட் எழுதும் என்பதுதான் அதற்கு உத்தரவாதம். இந்த ட்ரோன் 4கே-யில் வினாடிக்கு 100 மெகாபிட், அதாவது 12.5 மெகாபைட் கொட்டும். நடுவில் நின்று போகலாம். வேகமான புதுக் கார்டு வாங்க வேண்டும், கூடுதலாகச் சில நூறு ரூபாய். நம் வீட்டுக் கம்ப்யூட்டரும் பழசு, 4கே-யைத் திறந்தால் மூச்சுத் திணறும்.

"பழைய கார்டே போதும். 1080-லயே எடு" என்றேன்.

அரசாங்க அலுவலகத்தில் பென்சிலைக் கடைசி விரற்கடை வரை சீவிய ஆள் நான். அந்தப் புத்தி போகுமா?

கிருமாம்பாக்கத்தில் திரும்பி பாகூர் போய்ச் சேரும்போது காலை ஏழு மணி. காற்று எழும்புவதற்கு முன் எடுக்க வேண்டும் என்பான் பேரன். 100 மீட்டருக்கு ஏற்றினான். அடேயப்பா! ஏரிக்கரை, வயல், தெரு, நடுவில் நம் வீட்டு முற்றம் சதுரமாக, கொல்லையில் மாமரம் குடை விரித்த மாதிரி. பிறந்து வளர்ந்த வீட்டை முதல் தடவையாக மேலிருந்து பார்த்தேன். இரண்டு காகங்கள் துரத்தும் வரை, பதினைந்து நிமிஷம் எடுத்தோம். அப்புறம் இறக்கிவிட்டோம். எனக்குப் பரம திருப்தி.

அதில் இரண்டு நிமிஷத்தை அக்காவுக்குப் போனில் அனுப்பினேன். மறுநாள் கூப்பிட்டாள்.

"அழகா இருக்குடா. ஆனா எறும்பு மாதிரி இருக்கு. கிணத்தடியில தொவைக்கிற கல்லு இருக்கா இன்னும்?"

"இருக்குக்கா."

"எங்க? தெரியலையே?"

கம்ப்யூட்டரில் போட்டுக் கிணற்றடியைப் பெரிதாக்கினேன். துவைகல் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை. இன்னும் பெரிதாக்கினேன், கறை பெரிதானது. அவ்வளவுதான்.

நான் நில அளவைத் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் எழுத்தராக இருந்தவன். சங்கிலி பிடித்து அளந்தவன் இல்லை, அளந்தவர்கள் கொண்டுவந்ததைப் பதிவேட்டில் ஏற்றியவன். கிராம வரைபடத்தைக் கொண்டுவந்து "என் கிணறு இதுல எங்க சார்?" என்று கேட்பவர்களிடம், "இது கிராம வரைபடம்யா, இதுல கிணத்தைத் தேடாதே, புலப்படம் போட்டு வாங்கிட்டு வா" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அளவுத்திட்டம் சின்னதாக வரைந்த படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கோடுதான் தடிக்கும், கிணறு வராது. ஊருக்கெல்லாம் சொன்ன பாடம் எனக்குப் பயன்படவில்லை.

அன்று ராத்திரி பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். இதை முதல் நாளே போட்டிருக்க வேண்டும். இந்த ட்ரோனின் லென்ஸ் 100 மீட்டர் உயரத்திலிருந்து நேர் கீழே பார்த்தால் சுமார் 150 மீட்டர் அகலம் தரையைப் பிடிக்கும். அந்த 150 மீட்டரை 1920 புள்ளிக்குப் பங்கு போட்டால் ஒரு புள்ளிக்கு ஏறக்குறைய 8 சென்டிமீட்டர். மூன்றடித் துவைகல்லுக்கு மொத்தம் பதினோரு புள்ளி கிடைக்கும். பதினோரு புள்ளியில் என்ன கல் தெரியும்? 4கே-யில் எடுத்திருந்தால் இருபத்து மூன்று. அதே ட்ரோனை 30 மீட்டருக்கு இறக்கினால் அகலம் 45 மீட்டராகிவிடும். அப்போது 4கே-யில் ஒரு புள்ளிக்கு 1.2 சென்டிமீட்டர்கூட இல்லை. கல்லுக்கு எழுபத்தைந்துக்கு மேல் புள்ளி. உளி கொத்திய தழும்புகூட லேசாகத் தெரியும். கடையில் பேசுவதெல்லாம் 4கே, 4கே என்றுதான். இறங்கிப் பறப்பதற்குக் காசே கிடையாது, அதில் கிடைக்கும் தெளிவு 4கே தருவதைவிட அதிகம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் இறங்கினால் முழு வீடும் ஒரே படத்தில் அடங்குவது கஷ்டம். இரண்டும் வேண்டும் என்றுதான் முடித்தேன்.

பேரன் கல்லூரிக்குப் போய்விட்டான். "பொங்கலுக்கு வரும்போது மறுபடி எடுப்போம், நல்ல கார்டு நான் வாங்கி வைக்கிறேன்" என்றேன். 64 ஜிபி, 4கே-க்குத் தாங்கும் வேகம். 4கே-யில் நிமிஷத்துக்கு 750 மெகாபைட் வீதம் 85 நிமிஷம் பிடிக்கும் என்று அதையும் கணக்குப் போட்டுத்தான் வாங்கினேன்.

காணும் பொங்கலுக்கு மறுநாள் போனோம். தெரு திரும்பும்போதே ஏதோ வெளிச்சமாக இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை. கதவைத் திறந்து முற்றம் தாண்டிக் கொல்லைக்குப் போனால், மாமரம் இல்லை.

அடிமரம் மட்டும் தரையோடு தரையாக, ஈரமாக இருந்தது. வாங்குபவருக்குத் தை கடைசியில்தான் பத்திரம். ஆனால் பேச்சு முடிந்து முன்பணம் கை மாறியாயிற்று. மரத்துக்கு ஆள் வந்தது, நல்ல விலை, காத்திருந்தால் போய்விடும் என்று வெட்டிவிட்டாராம். போனில் கேட்டதற்கு, "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் சார், பணத்தைக் கணக்குல கழிச்சுக்கலாம்" என்றார். எதைக் கழிப்பது? அது அப்பா வைத்த மரமில்லை, தாத்தா வைத்தது. அக்கா அந்தக் கிளையில் உட்கார்ந்துதான் பாடம் படிப்பாள். நான் கீழே நின்று காய் கேட்பேன், கொட்டையைத்தான் போடுவாள்.

பேரன் ஒன்றும் பேசாமல் ட்ரோனை எடுத்தான். அன்று 4கே-யில் 40 நிமிஷம் எடுத்தோம், இரண்டு பேட்டரி. 30 மீட்டரிலும் 15 மீட்டரிலும் மெதுவாக நகர்த்தச் சொன்னேன். வேகமாகப் போனால் எத்தனை புள்ளி இருந்தாலும் எல்லாம் ஒன்றோடொன்று இழைந்துவிடும். கிணறு, துவைகல், முற்றத்துத் தூண், உடைந்த ஓடுகள், வாசல் திண்ணை எல்லாம் பளிச்சென்று வந்தன. கல்லின் உடைந்த மூலைகூடத் தெரிகிறது. மரம் மட்டும் இல்லை. மரம் இருப்பது டிசம்பரில் பழைய கார்டில் எடுத்த பதினைந்து நிமிஷத்தில்தான். ஒரு புள்ளிக்கு 8 சென்டிமீட்டர்.

பேரன் திரும்பிப் போன பிறகு எடிட்டிங்கை நானே செய்தேன். ஷாட்கட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக் கொடுத்திருந்தான். 30 ஜிபி வீடியோவைப் பார்த்ததும் நம் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. படம் ஒரு வினாடி ஓடும், மூன்று வினாடி நிற்கும். போனில் பேரன் சொன்னான், "ப்ராக்ஸி போடுங்க தாத்தா."

ப்ராக்ஸி என்றால் ஒவ்வொரு வீடியோவுக்கும் சின்ன அளவில் ஒரு நகல். வெட்டுவதும் ஒட்டுவதும் அந்த நகலை வைத்து. கடைசியில் படத்தை வெளியே எடுக்கும்போது மென்பொருள் தானாகவே அசல் 4கே-க்குப் போய் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். கேட்டதும் சிரித்துவிட்டேன். நம் நொத்தேர் பாஷையில் இது ப்ரொக்குராசியோன் அல்லவா! அக்கா அங்கே இருக்க, அவள் பேரில் நான் இங்கே கையெழுத்துப் போடுவது. நகல் செய்ய ஒரு ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் பார்த்தால் எல்லாம் வெண்ணெயாக நகர்ந்தது.

படத்தின் அளவை ஃபுல் எச்டி என்றே வைத்தேன். இந்தத் தடவை சிக்கனத்துக்காக அல்ல. அக்கா டிவி அதற்கு மேல் காட்டாது. ஆனால் அசல் 4கே என்பதால் படத்தின் கால் பகுதியை மட்டும் எடுத்து முழுத் திரைக்கு விரித்தாலும் ஒரு புள்ளிகூடக் குறையாது. துவைகல்லை அப்படித்தான் கிட்டே கொண்டுவந்தேன். கேமரா மெல்ல மெல்ல இறங்கி வருவதுபோல் இருக்கும், உண்மையில் ட்ரோன் அசையவே இல்லை. பழைய டிவி என்பதால் எச்.265 வேண்டாம், எச்.264-இலேயே எடுங்கள் என்றான் பேரன். செக்காம் கதை மறுபடி நடக்க விடுவேனா? அதுவே செய்தேன். 12 நிமிஷப் படம், ஒன்றரை ஜிபிக்குள் அடங்கியது.

மரத்தை என்ன செய்வது என்பதில்தான் நாலு நாள் போயிற்று. டிசம்பர் வீடியோவைப் பெரிதாக்கினால் பச்சைக் களிம்பு மாதிரி ஆகிறது. பேரன் அதை ஏதோ செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் போட்டு நாலு மடங்காக்கி அனுப்பினான். திறந்தேன். இலை இலையாக, நரம்புகூடத் தெரிந்தது. ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. பிறகு உற்றுப் பார்த்தால் அது மாவிலை இல்லை. இல்லாத புள்ளியை அந்த இயந்திரம் எங்கிருந்து கொண்டுவரும்? ஏதோ ஒரு மரத்தின் இலையைக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறது. எங்கள் துறையில் அளக்காத புலத்துக்குக் கோடு போட்டால் வேலை போய்விடும். வேண்டாம் என்று பேரனிடம் சொல்லிவிட்டேன். டிசம்பரில் எடுத்ததை எடுத்தபடியே, பெரிதாக்காமல், படத்தின் முதல் இரண்டு நிமிஷமாக வைத்தேன். அப்புறம் 4கே-யில் எடுத்த கிணற்றடி, முற்றம், திண்ணை. கொல்லைப் பக்கம் அடிமரம் தெரியாத கோணங்களாகப் பார்த்து வெட்டினேன். மரம் போனதை அக்காவிடம் சொல்லவில்லை.

எங்கள் எதிர்வீட்டுப் பெண் மாசி மாதம் சார்செல்லுக்குக் கிளம்பினாள். அவள் கையில் பென் டிரைவைக் கொடுத்தனுப்பினேன். அதற்குள் பத்திரப் பதிவும் முடிந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா கூப்பிட்டாள். மூன்று தடவை போட்டுப் பார்த்தாளாம். டிவிக்கு ஒரு மீட்டரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள், மாமா, நகரவே மாட்டேன் என்கிறாள் என்று பின்னாலிருந்து அவள் மகன் பிரெஞ்சில் சொல்வது கேட்டது.

"கல்லோட மூலை ஒடஞ்சிருக்கு பாத்தியா? நான் ஒடச்சது. அம்மாகிட்ட நீ ஒடச்சேன்னு சொல்லிட்டேன். அடி வாங்கினியே, ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லை. இருக்கிறது என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டாள், "மொதல்ல மேலேர்ந்து காட்டறப்ப மரம் இருக்கு. அப்புறம் கிணத்தடி காட்டறப்ப கல்லு மேல நெழலே இல்லையே? காலையில எப்பவும் அங்க நெழலாத்தானேடா இருக்கும்?"

இத்தனை வெட்டியும் நிழலை நான் யோசிக்கவில்லை. சொல்லிவிட்டேன். வெட்டியதையும் சொன்னேன், பழைய கார்டே போதும் என்று நான் சொன்னதையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன்.

"மரத்துக்குக் கீழ வெள்ளையா ஒண்ணு தெரியுதே, அது என்னது?" என்றாள்.

போனைப் பிடித்துக்கொண்டே கம்ப்யூட்டரைத் திறந்து அந்த இடத்தைப் பெரிதாக்கினேன். ஆமாம், ஒன்று இருக்கிறது. எட்டு புள்ளி, பத்து புள்ளி இருக்கும். சிமெண்ட் மூட்டையாக இருக்கலாம், எவருடைய ஆடாகவும் இருக்கலாம். அன்று நேரில் நின்றபோது அண்ணாந்து ட்ரோனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், மரத்தடியைப் பார்க்கவில்லை.

"தெரியலக்கா" என்றேன்.

"அம்மாவோட ஆட்டுக்கல்லு அங்கதான் கெடந்துது" என்றாள்.

"அது கறுப்பு இல்லையாக்கா?"

"வெயில் பட்டா வெள்ளையாத்தான் தெரியும். நீ சும்மா இரு." பிறகு, "இன்னொண்ணு போட்டு அனுப்பு, பெரியவளுக்குக் கொடுக்கணும். அவ டிவி பெரிசு" என்றாள்.

பெரியவள் டிவி 4கே-யா என்று இன்னும் பதில் வரவில்லை. வந்த பிறகுதான் மறுபடி உட்கார வேண்டும்.